கடற்கதவும் ஒரு சாவியும்

ஜெசிந்தாவைக் கண்டதும் கடற்கதவு வழக்கம்போல் மூடிக்கொண்டது. மன்னிப்புக் கேட்கும் குரலில், "தங்கள் நலன் கருதி" என்றது. அவளும் வழக்கம்போல் தலையசைத்துவிட்டுக் கதவுக்கு இப்புறமிருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். தூத்துக்குடிக் கடலடியில் பவளம் நட்டு வளர்ப்பவர்களுக்கு நீரோட்டத்தின் போக்கைச் சொல்வது அவள் வேலை. பவளம் நடுவதற்குத்தான் படித்தாள். கூண்டிலிருந்து பார்த்தால் கடல் நன்றாகத் தெரியும்.

ஏழு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. முதலில் பள்ளியில், பிறகு கோயிலில் பூசை நடுவே, பிறகு அடிக்கடி. அலைத்தணிப்பான் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. புளியங்கொட்டை அளவுக் கருவி. காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். மூளையில் கோளாறான அலை கிளம்பும்போதே உணர்ந்து, கழுத்து நரம்பு வழியாக ஒரு சிறு துடிப்பை அனுப்பி அடக்கிவிடும். கூடவே, ஊருக்கும் சொல்லிவிடும். தணிப்பான்காரர் வருகிறார் என்று தெரிந்ததும் அடுப்பு தழலைக் குறைத்துக்கொள்ளும். வண்டி தானே ஓட்டிக்கொள்ளும். கடல் மூடிக்கொள்ளும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

கருவி பொருத்திய பிறகு அவளுக்கு வலிப்பு வரவேயில்லை. ஆனாலும் பவளக்காரன் சேவியர் இரண்டு முறை பெண் கேட்டு வந்தபோது, இடுப்பில் பிள்ளை இருக்கும் நேரம் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்து இரண்டு முறையும் மறுத்தாள். மூன்றாம் முறை அவன் வரவில்லை.

முப்பத்து மூன்றாம் வயதில் கருவியின் மின்கலத்தை மாற்ற வேண்டியிருந்தது. பழைய கருவியை எடுத்துப் பிரித்துப் பார்த்த மருத்துவர் வாகீசன், புதியதைப் பொருத்தாமல் அவளையும் அம்மா மரியபுஷ்பத்தையும் அறைக்குள் கூப்பிட்டார். மின்கலம் நிறைந்தே இருந்தது என்றார். ஆண்டுச் சோதனைக்கு வரும் நாட்களில் மட்டும் கருவி விழித்திருக்கிறது. மற்ற நாளெல்லாம் தூக்கம். சோதனைக்கு வரும்போது மட்டும் கழற்றி வைப்பது ஏதாவது உண்டா என்று கேட்டார்.

ஜெசிந்தா கைப்பையிலிருந்து கழுத்துச் சங்கிலியை எடுத்தாள். மாதா சுரூபத்தோடு ஒரு கறுத்த இரும்புச் சாவியும் அதில் தொங்கியது. வாகீசன் அதை மேசையிலிருந்த எஃகுத் தட்டின் அருகே கொண்டுபோனார். சாவி துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கிறது வழக்கந்தானே ஐயா" என்றாள் மரியபுஷ்பம். "கழுத்துல போட வீட்டுல இரும்புன்னு இருந்தது இவ அப்பா படகுச் சாவி ஒண்ணுதான். மெசினை நம்பலன்னு இல்ல. அதுக்கும் ஒரு தொண இருக்கட்டும்னு போட்டேன்."

அது காந்தப் பூட்டின் சாவி. மூளையைப் படம் பிடிக்கும் நேரத்தில் தணிப்பானைத் தூங்கவைக்க மருத்துவர்கள் வைப்பதும் காந்தத்தைத்தான். காப்பாற்றும் பாதி இத்தனை காலமும் தூங்கியிருக்கிறது. ஊருக்குச் சொல்லும் பாதிக்கு மின்கலமே தேவையில்லை. அது ஒரு நாளும் தூங்கவில்லை.

"அப்ப வலிப்பை நிறுத்துனது யாரு?" என்றாள் ஜெசிந்தா.

"யாருமில்லம்மா. சில பிள்ளைங்களுக்கு வளர வளரத் தானா நின்னுடும். நிக்காதவங்களுக்குக் கருவி இல்லாம முடியாது. நீங்க எந்தப் பக்கம்னு தெரியணும்னா அணைச்சுப் பாத்திருக்கணும். எங்களுக்குத் துணிச்சல் வரல. உங்களையும் கருவியோட வெற்றியாத்தான் கணக்குல வெச்சிருந்தோம்."

மரியபுஷ்பம் சாவியைத் தட்டிலிருந்து பிய்த்தெடுத்து முந்தானையால் துடைத்தாள். "அப்ப சாவிதான் காப்பாத்திச்சுன்னு சொல்லுங்க."

கருவிதான் காப்பாற்றியது என்று இதுவரை வாகீசன் சொல்லிவந்ததற்கும் இதைவிடப் பெரிய ஆதாரம் இருந்ததில்லை.

சில வாரங்கள் அவளை மருத்துவமனையிலேயே வைத்துத் தலையில் உணர்விகளை ஒட்டிப் பார்த்தார்கள். கோளாறான அலை ஒன்றுகூட எழவில்லை. கருவி வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்கள். சாவியை மரியபுஷ்பம் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நீ கடல்ல எறங்குறதப் பாக்க இது எனக்கு வேணும் ஏட்டி" என்றாள்.

மறுநாள் காலை ஜெசிந்தா வந்தபோது கடற்கதவு விரியத் திறந்தே கிடந்தது. அவள் நின்றாள். கதவு எதுவும் சொல்லவில்லை. தூரத்தில் பவளக்காரர்கள் மிதவைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சிறுபிள்ளையிலிருந்து பார்த்த அதே கடல்தான். நடுவில் கண்ணாடி இல்லாததால் அது மிக அருகில் இருந்தது.

"என்னை ஒண்ணும் கேக்கலையா?" என்றாள் மெதுவாக.

"தங்களைத் தடுக்கக் காரணம் எதுவுமில்லை" என்றது கதவு, அதே மன்னிப்புக் கேட்கும் குரலில்.

சற்று நேரம் கழித்து இறங்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. வலது கை வலிப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். இறுக மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில் நகங்கள் பதிந்த தடம் தவிர ஒன்றும் இல்லை. அலை வந்து அதை நனைத்துப் போயிற்று. அவள் கையை மறுபடியும் மூடிக்கொண்டு அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.