வேகாத கேக்கும் இரண்டு மாத்திரைகளும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. கிழக்கே ஓடிய கூட்டம் திரும்பி வந்துவிட்டது, இவெட் மட்டும் வரவில்லை.

வயதுக்கு வந்த பெண்ணுக்கான சடங்கில், ஓட்டத்தின்போது அவளை யாரும் முந்தக் கூடாது. அதனால் எல்லோருடைய கண்ணும் முன்னால் ஓடிய பத்து வயது ஷெய்லின் மேலேயே இருந்தது. பின்னால் யார் விழுந்தார் என்று எவரும் பார்க்கவில்லை. தேடிப் போனபோது இவெட் பாதையோரப் புதரருகே கிடந்தாள். அக்டோபர் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பேச்சுமூச்சு இல்லை.

நவஹோ பழங்குடிப் போலீஸின் துப்பறியும் அதிகாரி கொரீன் அட்டகாய் வந்து சேர்ந்தபோது, ஆம்புலன்ஸ் கிளம்பத் தயாராக நின்றது.

"ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிடுச்சு," என்றான் ஆம்புலன்ஸ்காரன். "சுகர் இல்லாத ஆளுக்குத் தானா இப்படி இறங்காது. மாத்திரை ஏதோ உள்ள போயிருக்கு."

"பொழைப்பாங்களா?"

"பொழைச்சிடுவாங்க. அந்த அம்மா ஓடி வந்து வாயில தேன் தடவலேன்னா கதை வேற."

'அந்த அம்மா' இப்போது போலீஸ் வண்டியின் பின் இருக்கையில் இருந்தாள். பெயர் டார்லீன். ஷெய்லினின் அத்தை. வண்டிக் கதவில் சாய்ந்து நின்ற போலீஸ்காரன் ஹார்வி, பெரிய திருடனைப் பிடித்த மிதப்பில் இருந்தான். அவன் கொரீனுக்குக் குல வழியில் மச்சான் முறை. கேலிக்குப் பஞ்சமே இருக்காது.

"லேட்டா வந்துட்டியே கொரீன். கேஸ் முடிஞ்சுது. நீ போய் கறிச்சாறு குடி."

"உனக்கு எல்லா கேஸும் கறி வேகறதுக்குள்ள முடிஞ்சிடும் மச்சான். சொல்லு."

"இவளுக்கு சுகர். பையில சுகர் மாத்திரை. அதுல ரெண்டு காணோம். ஓட்டத்துக்கு முன்னாடி இவெட்டுக்குக் காபி கொடுத்தது யாரு? இவதான். இவளுக்கு அவ மேல பொறாமை. வேற என்ன வேணும்?"

"ரெண்டு காணோம்னு யார் சொன்னது?"

ஹார்வி தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "அவளேதான்."

கொரீன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டிக்குள் குனிந்தாள். டார்லீன் அழுது ஓய்ந்திருந்தாள்.

"பொறாமையா?"

"கோபம்," என்றாள் டார்லீன். "என் அண்ணன் பொண்ணு. அவள உருவிவிட நான் வரேன்னு ஆசையா கேட்டேன். சக்கரைக்காரி கை ஆகாதுன்னு அவ அம்மா ரொபெர்ட்டா மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டா. கோபம் வராதா? அதுக்காக ஆளக் கொல்லுவேனா?"

சடங்கில் பெண்ணைக் கம்பளியில் படுக்கவைத்துத் பாதம்முதல் தலைவரை ஒருத்தி உருவிவிடுவாள். அந்த நாட்களில் பெண்ணின் உடம்பு ஈர மண் மாதிரி. உருவிவிடுகிறவளின் உடம்பும் குணமும் அதில் பதியும் என்பார்கள். அதனால் நோய்நொடி இல்லாதவளாகப் பார்த்துப் பிடிப்பார்கள். பள்ளியில் ஓட்டப் பயிற்சி தரும் இவெட்டைவிடப் பொருத்தமானவள் யார்? அவள் ரொபெர்ட்டாவின் கூடப்பிறந்த அக்கா வேறு. முதல் நாள் உருவிவிட்டாயிற்று. கடைசி உருவுதல் இன்று கேக் வெட்டிய பிறகு நடக்க வேண்டும்.

"இவெட்டுக்குச் சர்க்கரை இறங்கியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எனக்கு எத்தனை தடவை இறங்கியிருக்கு! அந்த வேர்வையப் பார்த்தாலே தெரியும்."

கொரீன் சடங்கு நடக்கும் ஹோகன் என்ற வட்ட மண்வீட்டைச் சுற்றி வந்தாள். விறகு அடுக்கின்மேல் இவெட்டுக்குக் கொடுத்த குவளை இருந்தது. காபி விளிம்புவரை அப்படியே ஆறிக் கிடந்தது, மேலே சாம்பல் படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். இனிப்பில் பாயசம் தோற்றது.

இதை ஆதாரமாகக் கொண்டுபோகாமல் நக்கிப் பார்த்துவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, வாயே வைக்காத காபியில் என்ன ஆதாரம் என்று குவளையை ஓரமாக வைத்தாள்.

பின்பக்கம் பெண்கள் ஒரு குழியைச் சுற்றி முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். இரவு பெய்த மழையில் நெருப்பு அவிந்து, மறுபடி மூட்டியும் குழிக்குள் புதைத்த மக்காச்சோளக் கேக் இன்னும் வேகவில்லை. விடிந்ததும் சாப்பிட்டிருக்க வேண்டியது.

ரொபெர்ட்டா ஆத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா உடம்பு இரும்பு! ஒரு தலைவலின்னு படுத்ததில்ல. எங்க வம்சமே அப்படி. எட்டு வயசுலயே வயசுக்கு வந்தவ அவ. மூணாவது படிக்கிறப்ப சடங்கு. கேக்கு அவளவிடப் பெருசா இருந்துச்சுன்னு இன்னைக்கும் ஊர் பேசும்."

"எட்டு வயசா?"

"பொய்யா சொல்றேன்? எங்க வீட்ல எல்லாரும் சீக்கிரம்."

போன வசந்தத்தில் சீக்கிரம் வயதுக்கு வருவதைப் பற்றிக் கிளினிக் நர்ஸ் பேசியது கொரீனுக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அவளே ஒன்பதில் வயதுக்கு வந்தவள். அதைக் கேட்ட மறுநாளே போய் ரத்தம் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சோறு இறங்கியது.

ஷெய்லின் நீலக்கல் மாலையோடு ஒரு மூலையில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். கொரீன் பக்கத்தில் சம்மணமிட்டாள்.

"பெரியம்மா உருவிவிட்டப்ப எப்படி இருந்துச்சு கண்ணு?"

"நல்லா இருந்துச்சு. விரல் நுனி மட்டும் சொரசொரன்னு குத்துச்சு. அதுவும் பக்கவாட்டுல." சிறுமி தயங்கினாள். "டார்லீன் அத்தை கையும் அப்படித்தான் இருக்கும். அத்தைய ஜெயில்ல போட்டுடுவீங்களா?"

"அதத்தான் பார்த்துட்டிருக்கேன்."

கொரீன் தன் வண்டிக்குப் பின்னால் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். இவெட் கண் விழித்திருந்தாள். பேச்சு சீக்கிரமே முடிந்தது. "சொல்லிடு கொரீன், டார்லீன் பாவம்," என்று மறுமுனை அழுதது.

காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஹோகனுக்குள் கூடினார்கள். டார்லீனையும் இறக்கிக் கூட்டிவரச் சொன்னாள் கொரீன்.

"மாத்திரைய எடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள். "இவெட்."

"அவளேவா? எதுக்கு?" ஹார்வி வாயைப் பிளந்தான்.

"அவங்களுக்கும் சுகர். மூணு வருஷமா. ஊர் கிளினிக்ல காட்டினா தெரிஞ்சிடும்னு ஃபிளாக்ஸ்டாஃப் டவுனுக்குப் போய்ப் பார்த்துட்டிருந்தாங்க. உருவிவிடக் கூப்பிட்டப்ப சந்தோஷத்துல மறைச்சுட்டாங்க. நாலு நாள் இத்தனை பெண்களோட ஒரே ஹோகன்ல தங்கணும், அதனால தன் மாத்திரைய வீட்லயே வச்சுட்டு வந்துட்டாங்க. காலையில இனிப்புக் கேக் சாப்பிட்டே ஆகணுமே? சர்க்கரை ஏறிடும்னு பயந்து, முன்கூட்டியே டார்லீன் பையிலேர்ந்து ரெண்டு எடுத்துப் போட்டாங்க. தன்னோட மாத்திரை மாதிரிதான் இதுவும்னு நினைச்சுட்டாங்க. இது சாப்பாடு இல்லேன்னா ஆளையே கவுத்துடும். கேக் வேகல. வெறும் வயித்தோட ஓடினாங்க."

"ஊகம்தானே?" என்றாள் ரொபெர்ட்டா. குரலில் வலு இல்லை.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடியே காபி சொல்லிடுச்சு. சர்க்கரை தூக்கலாப் போட்டிருந்ததால வாயே வைக்கல. விரல் பக்கவாட்டுல சொரசொரப்பு, ஊசி குத்தி ரத்தம் பார்த்த காய்ப்பு. எல்லாத்துக்கும் மேல, எட்டு வயசுன்னு நீங்க பெருமையாச் சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ரொம்பச் சீக்கிரம் வயசுக்கு வர்ற பெண்களுக்குப் பின்னால சுகர் வர வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், வந்தே தீரும்னு இல்ல. ஆனா அது கையால ஒட்டாது. யார் உருவிவிட்டாலும் ஒட்டாது."

ஹார்வி டார்லீனைப் பார்த்து ஏதோ முனகினான். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

கேக் வெந்துவிட்டது என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. இனிக் கடைசி உருவுதல், ஆனால் உருவிவிட ஆளில்லை.

ஷெய்லின் எழுந்து போய்த் தானே கம்பளியை விரித்துப் படுத்தாள். "அத்தை, நீ வா."

டார்லீன் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "என் கை வேணாம் கண்ணு. உங்கம்மா..."

"அம்மா, சொல்லேன்!"

ரொபெர்ட்டா மகளைப் பார்த்தாள். பிறகு டார்லீனிடம் போய், சால்வைக்குள்ளிருந்து அந்தக் கைகளை வெளியே எடுத்துப் பிடித்துக் கம்பளிவரை கூட்டிவந்தாள்.

டார்லீன் மண்டியிட்டுக் காலிலிருந்து தொடங்கினாள். "இது ஓடுற காலு. சடங்கு முடிஞ்சுதுன்னு நிறுத்திடாத." வயிற்றை உருவினாள், தோளை உருவினாள். கடைசியில் கன்னத்தை உருவி உதட்டைத் தொட்டாள்.

"இது வாய். உடம்புக்கு ஒண்ணுன்னா யாருக்கும் பயப்படாம சொல்ற வாய்."

ரொபெர்ட்டா அங்கேயே உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் தன் அக்காவை நினைத்து வாய்விட்டு அழுதாள்.