வெள்ளை ஈற்று

மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பெண்புலி பாவாயியை நேராகப் பார்த்ததில்லை. வெள்ளைப் புலிக்குப் பிறவியிலேயே மாறுகண். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு விழிகளும் மூக்கு நுனியிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்கும். அன்று மத்தியானம் மூன்று மணிக்குப் பால் புட்டியோடு கூண்டின் முன்னால் வந்து நின்றபோது அவை நேராக இருந்தன. பார்வை அவள் தோளைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது.

திரும்பினாள். மிளகுத் தோட்டம்தான். ஐப்பசி மேகம் மரங்களுக்குள் இறங்கி, கொடிகளில் சொட்டி, ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடையை அவள் முகத்தில் அப்பியது. வேறு யாருமில்லை.

அதே மலையின் வாழவந்தி நாட்டிலிருந்து மிளகு பறிக்க வந்தவள் பாவாயி. கைராசிக்காரி என்று குட்டிகளுக்குப் பால் கொடுக்க வைத்துக்கொண்டார்கள். இங்கே புலி வளர்ப்பது வெளியே தெரிந்தால் முதலில் ஜெயிலுக்குப் போவது நீதான் என்றும் சொல்லி வைத்தார்கள். முதலாளிக்கு வெள்ளைக் குட்டி வேண்டும். மற்றதெல்லாம் பேளுக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் முருகானந்தத்தின் பொறுப்பு.

அவள் அவரிடம் ஒரு முறை கேட்டிருக்கிறாள்.

"ஏனுங்க தம்பி, அப்பனையும் மவளையும் ஒண்ணா உடறீங்களே, அடுக்குமா?"

"வெள்ளைங்கறது ஒளிஞ்சு கெடக்கற நெறமுங்கக்கா. அப்பங்கிட்டயும் இருக்கோணும், ஆத்தாகிட்டயும் இருக்கோணும். அப்பத்தான் வெளிய வரும். வேத்துப் புலியக் கொண்டாந்து உட்டா மஞ்சளாத்தான் பொறக்கும்."

"கூட என்னென்னமோ வருதுங்களே."

"ரத்தத்துல ஒளிஞ்சிருக்கற கோளாறும் சேந்துதான் வரும். என்ன பண்றது?"

நான்கு ஈற்றில் பதினொரு குட்டிகள். உருப்படியாக முதலாளிக்குப் போனவை இரண்டு. மற்றவை மேலண்ணம் பிளந்தவை, பாதம் உள்ளே மடங்கியவை, முதுகு கோணியவை. கம்பவுண்டர் ஊசி போடுவார். பாவாயி சாக்கில் சுமந்துபோய் மிளகுக் கொடிகளுக்கடியில் புதைப்பாள். போன மாசியில் சாக்கு அவள் கையில் அசைந்தது. "மூடுங்கக்கா, தானா அடங்கிரும்" என்றார். மூடினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை.

இப்போது தோட்டத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது. சப்பும் சத்தம். அண்ணம் பிளந்த குட்டி குடிக்கும்போது பால் மூக்கில் ஏறிக் குமிழியிடுமே, அந்த ஈரச் சத்தம். ஐந்தாம் ஈற்றின் ஒற்றைக் குட்டி அவள் காலடிப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது.

இறைச்சி வாங்க மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிய முருகானந்தம், வழக்கம்போல் வெளியே கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தார். போன் போட்டாள்.

"தம்பி, வெரசா வாங்க. தோட்டத்துல என்னமோ சப்புது."

"குட்டி வெளிய போயிருச்சா?"

"குட்டி இங்கதானுங்க இருக்குது. இது… பொதைச்ச எடத்துல கேக்குது."

கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா. நான் போட்டது வெறும் மயக்க ஊசிதானுங்க. கொல்ற மருந்து வாங்குனா கணக்குக் கேப்பாங்கன்னு… எல்லாத்துக்குமே அதுதான்."

"எல்லாத்துக்குமா?"

"நான் இன்னிக்கு மலையேறி வல்லீங்க."

போன் அடங்கிவிட்டது.

ஒன்பதையும் உயிரோடு புதைத்திருக்கிறாள். தன் கையால். மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, மேலே கல் வைத்து.

கூண்டுக்குள் பெண்புலி எழுந்தது. கம்பியில் முகத்தை வைத்து மூக்கால் மெல்ல ஊதியது. பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம்.

தோட்டத்தில் கல் ஒன்று உருண்டது. இன்னொன்று.

பாவாயி ஓடினாள். கேட்டைப் பிடித்து உலுக்கினாள். சங்கிலி குலுங்கியது. "யாராச்சும் இருக்கீங்களா?" குரலை மேகம் விழுங்கியது. முதுகுக்குப் பின்னால் இலை நசுங்கியது. மெதுவாக. கோணலாக. நொண்டி நொண்டி.

திரும்பினாள்.

சாக்கில் புதைத்தபோது இரு கைக்குள் அடங்கியவை. மண்ணுக்குள் வளர்ந்திருந்தன.

முன்னால் வந்தது அவள் இடுப்புயரம். மண் அப்பிய வெள்ளை. மடங்கிய பாதங்களின் முட்டியை ஊன்றி வந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்து கிடந்தது. உள்ளே நாக்கு துழாவியது.

நகரவில்லை அவள். நகர முடியவில்லை.

"சாமி…" என்றாள். பால் கொடுக்கும்போது கூப்பிடுவது போலவே.

அது அவள் கையை முகர்ந்தது. விரல்களை வாய்க்குள் வாங்கியது. மணிக்கட்டு வரை. கடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சப்பத் தொடங்கியது. தோல் மெல்லக் கழன்று வருவதை அவள் உணர்ந்தாள்.

அதன் பின்னால் மற்ற எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தங்கள் முறைக்காகப் படுத்தன.