பின்சக்கரத்துக் கசிவு

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த லாரி மெக்கானிக், முன்னறையில் மாமா வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்தான். உள்ளங்கை அகலம்தான். தண்ணீராக இருந்தால் இந்த வெயிலுக்கு எப்போதோ காய்ந்திருக்கும். விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனான். மீன் கழுவின தண்ணீரில் கருகின ரப்பரை ஊறவைத்த மாதிரி ஒரு வீச்சம். பழைய பிரேக் ஆயில். லாரியில் இருக்க வேண்டியது வீட்டுத் தரைக்கு எப்படி வந்தது?

உண்மையைச் சொன்னால், அவனுக்குத் தன் தொழிலில் அறவே பிடிக்காத வேலை ஒன்று உண்டு. பின்சக்கரத்து பிரேக் டிரம்மைக் கழற்றுவது. உள்ளே இருபது வருஷத்து அழுக்கு, கசிந்த ஆயிலோடு குழைந்து கறுப்புச் சேறாகக் கிடக்கும். நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. நேற்று மாமா, அதாவது அக்கா புருஷன், "பின்னாடி இடது வீல்ல கசியுது மாப்ள, நாளைக்கு லோடோட மலை இறங்கணும்" என்று லாரியை விட்டுவிட்டுப் போனார். இவன் டிரம்மைத் தொடவே இல்லை. வெளிப்பக்கத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, ஒரு கைப்பிடி புழுதியை அள்ளி விசிறினான். ஈரம் மறைந்தது. அழகாகப் பூசி மெழுகிவிட்டான் மகராசன். காலையில் மாமா கேட்டபோது, "புதுசு போட்டாச்சு மாமா" என்றான். அந்த மனுஷர் நம்பி வண்டியை எடுத்தார்.

"என்னடா நாத்தம்? எலி கிலி செத்துக் கெடக்கா?" அடுப்படியிலிருந்து அக்கா.

"என் சட்டைதான்க்கா. நீ உன் வேலையைப் பாரு."

துடைத்தான். துடைத்த இடத்திலேயே மறுபடி ஊறியது. மேலேயிருந்து சொட்டவில்லை, தரையே வேர்த்தது. நாற்காலிக் காலில் பெயின்ட் கொப்பளித்துத் தோலாக உரிந்து அவன் விரலோடு வந்தது. மூன்று தடவை சோப்பு போட்டும் பிசுபிசுப்பு போகவில்லை. தட்டின் முன் உட்கார்ந்தால், சாப்பாட்டின் மேல் மெல்லிய பழுப்புப் பளபளப்பு. ஒரு வாய் வைத்தான். நாக்கு வழுக்கியது. ஓடிப்போய்த் துப்பினான். தன்னை நினைத்தால்தான் இன்னும் அதிகமாகக் குமட்டியது.

மணி ஒன்றே முக்கால். இரண்டு மணிக்கு மாமா மலையுச்சியில் இருப்பார். அப்புறம் இறக்கம்தான். இப்போது சொன்னாலும் போதும், அங்கேயே ஓரங்கட்டிவிடுவார். ஆனால் அக்கா காதுபட எப்படிச் சொல்வது? போனோடு வெளியே போனாலும் பின்னாலேயே வந்து யாருக்கு என்று கேட்பாள். அவள் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தான். அவளோ நிதானமாகச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவப் போனாள். கொல்லைப்பக்கம் போய் அவன் போனை எடுத்தபோது மணி இரண்டு ஐந்து.

ரிங் போனது.

முன்னறையில் மாமாவின் போன் அடித்தது.

மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார். அப்படித்தான் இருக்கும்.

தப்.

காலால் தரையை மிதிக்கிற சத்தம்.

தப். தப்.

உள்ளே வந்தான். மாமா நாற்காலியில் இருந்தார். லாரிச் சத்தம் கேட்கவில்லை. கதவுச் சத்தமும் இல்லை. வலது கால் மட்டும், பிரேக்கை மிதிப்பதுபோல், தரையை மிதித்தது, உயர்ந்தது, மிதித்தது. விரலிடுக்கில் ஆயில் பழுப்பாகப் பிதுங்கியது.

"மாமா... லாரி?"

"நிக்கலை மாப்ள." குரலில் கோபமே இல்லை. "அது நிக்கலை. நான் மட்டும் வந்துட்டேன்."

அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அட, அதுக்குள்ள வந்துட்டீங்களா? என்னங்க இப்படி வேர்த்து ஊத்துது?"

தொடாதே அக்கா. வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கிட்டே போய்விட்டாள்.

அவள் கணவனின் நெஞ்சில் கை வைத்தாள். கை நிற்கவில்லை. சட்டையோடு உள்ளே போனது. மணிக்கட்டு. வளையல்கள். முழங்கை. சட்டையின் ஓரமாகக் கறுப்புச் சேறு வழிந்தது.

"என்னங்க, உடம்பு இப்படிக் கொழகொழன்னு இருக்கு?" என்றாள், சிரிப்பு மாறாமல்.

தோள் வரைக்கும் போய்விட்டது. அவள் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.