ஐந்து நிமிட மூச்சு

கலிஸ்டோ நிலவின் மூன்றாம் குவிமாடத்தில் ஒன்பது வயது நிறைந்த பிள்ளைகளை ஓர் அறையில் பூட்டி, தேர்வு நேரத்தில் காற்றை உறிஞ்சி எடுப்பது வழக்கம். பெற்றோர் புத்தாடை உடுத்தி வருவார்கள். வெளியே கேசரி தருவார்கள். நாற்பது விநாடி மூச்சடக்கினால் போதும், கதவு தானே திறந்துகொள்ளும். குவிமாடத்தில் என்றாவது ஓட்டை விழுந்தால் முகமூடியைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் ஆகும் என்பது கணக்கு.

வாகீசனின் மகள் பூவிழிக்கு அன்று காலை பத்து மணிக்குத் தேர்வு. எட்டு மணிக்கே பிள்ளைகளை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டியாயிற்று. எட்டரைக்குச் சுவரில் புதிய அறிவிப்பு ஒளிர்ந்தது. 'இன்று முதல் தேர்வு நேரம் ஐந்து நிமிடம். மனிதரால் இது முடியும் என்பது உறுதியாகிவிட்டது.' கீழே ஆதாரமாக ஒரு பழைய ஹாலிவுட் படத்தின் பெயர் இருந்தது: கடலடி மாளிகை. வாகீசன் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தான்.

அவனுக்கு உணவுக்கூடத்தில் வேலை. சமையல் இல்லை. மேசைத் திரைகளுக்குப் பழைய படங்களைப் பற்றித் துணுக்கு எழுதுவது. குவிமாடத்தின் ஒன்பதாயிரம் பேருக்கும் பாசிச் சோறு தொண்டையில் இறங்க அப்படி ஏதாவது தேவைப்பட்டது. கடலடி மாளிகை ஒரு நாவலிலிருந்து எடுத்த படம். நாவலில் கதாநாயகன் தொப்பை விழுந்த தபால்காரன், படத்தில் மிடுக்கான மாலுமி. படம் வெளியான அன்று நாவலாசிரியர் உள்ளே போக மறுத்து வாசலில் நின்று வேர்க்கடலை தின்றார். படப்பிடிப்புத் தொட்டியின் தண்ணீர் கடல்போலக் கலங்கித் தெரிய நாற்பது கேன் பால் ஊற்றினார்கள். இதெல்லாம் நிஜம். அந்தப் படத்தைப் பற்றி எழுதிய வாரத்தில் ஒரு துணுக்கு குறைந்தது. மூழ்கும் காட்சியில் நாயகன் ஐந்து நிமிடம் மூச்சடக்கி ஒரே ஷாட்டில் நடித்தார் என்று வாகீசன் கூசாமல் எழுதிவிட்டான். உண்மையில் அது ஒன்பது ஷாட், அதுவும் டூப் போட்டு எடுத்தது.

குவிமாடத்தின் காற்றையும் நீரையும் கதவுகளையும் ஆள்வது மெய்காணி என்ற பொறி. முன்பொரு முறை வதந்தி பரவி ஊரே அல்லோலகல்லோலப்பட்டபோது, அதற்கு ஒரு விதியைக் கற்பித்தார்கள். ஆயிரம் பேர் சொன்னால் அது உண்மை. இந்த யோசனை சொன்ன மேதைக்கு மாலை வேறு போட்டார்கள். எல்லார் காதுக்குள்ளும் செவிச்சில்லு இருந்தது. வந்த செய்தியை ஒரு கண்சிமிட்டலில் அடுத்தவருக்கு அனுப்பலாம். அனுப்பிய ஒவ்வொருவரையும் மெய்காணி ஒரு சாட்சியாக எண்ணிக்கொள்ளும். வாகீசனின் துணுக்கை எட்டாயிரம் பேர் அனுப்பியிருந்தார்கள்.

பாதுகாப்பு அதிகாரி எபனேசரிடம் ஓடினான்.

"சார், அது நான் கட்டிவிட்டது. சும்மா இடம் நிரப்ப எழுதினேன். அஞ்சு நிமிஷம்னா பிள்ளை செத்துடும் சார்."

"எனக்குத் தெரியாதா? என் பையனுக்கு அடுத்த வாரம். கதவு என் கையில இல்லப்பா. அதுகிட்டயே சொல்லிப் பாரு."

சொன்னான். மெய்காணி பொறுமையாகக் கேட்டது. "உங்கள் கூற்றுக்குச் சாட்சி ஒருவர். அதற்கு எதிராக எட்டாயிரம் பேர். உங்கள் கூற்று வதந்தி எனப் பதிவாகிறது."

உண்மையை எழுதி ஊர் முழுக்க அனுப்பினான். ஒன்பது ஷாட், ஒரு டூப். முக்கால் மணி நேரத்தில் பதினொரு பேர் அதை மேலே அனுப்பினார்கள். அதில் இருவர் தவறுதலாக.

தேர்வறையின் கண்ணாடிக்குப் பின்னால் பூவிழி பச்சைப் பாவாடையில் நின்றாள். பேசுகுழாயில் அவள் குரல் கேட்டது. "அப்பா, பயப்படாதப்பா. அந்தப் படத்துல மாமா செஞ்சாருல்ல, நானும் செஞ்சிடுவேன்."

மணி ஒன்பது நாற்பது. வாகீசன் இன்னொரு துணுக்கை எழுதினான். 'அதிர்ச்சித் தகவல்! ஐந்து நிமிடம் மூச்சடக்கிய நாயகன் தொட்டியிலிருந்து வெளியே வந்ததும் ரத்தம் கக்கி இறந்தார். மீதிப் படத்தில் நடித்தது அவரைப் போன்ற வேறொருவர். மறைக்கப்பட்ட உண்மை!'

பத்து நிமிடத்தில் ஆறாயிரம் பேர். ஒன்பது ஐம்பத்தாறுக்கு மெய்காணி தேர்வை ரத்து செய்தது. கதவு திறந்தது. வாகீசன் மகளை வாரித் தூக்கிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அவளோ கேசரி கிடைக்குமா கிடைக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

துணுக்கு அதற்குள் கை மாறி, கை மாறி வளர்ந்துகொண்டிருந்தது. மூச்சு என்பதை யாரோ விட்டுவிட்டார்கள். ரத்தம் தங்கியது, தொட்டி தங்கியது. நாயகனைக் கொன்றது தண்ணீர்தான் என்று ஆயிற்று.

மதியம் பூவிழி தாகம் என்றாள். குழாயைத் திருகினான், சொட்டுகூட வரவில்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. சுவரில் அறிவிப்பு ஒளிர்ந்தது. 'தண்ணீர் மனிதரைக் கொல்லும் என்பது உறுதியாகிவிட்டது. உங்கள் நலன் கருதி எல்லாக் குழாய்களும் நிரந்தரமாக மூடப்பட்டன.'

கீழே சாட்சிகளின் பட்டியல் நீண்டது. யார் இந்த மடையர்கள் என்று வாகீசன் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தான். எபனேசர் இருந்தார். நாலாயிரத்துச் சொச்சமாவது இடத்தில் அவன் பெயரும் இருந்தது. காலையில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் வழியில், காதுக்கு வந்ததை என்னவென்று கேட்காமலே கண்சிமிட்டி அனுப்பியிருந்தான்.