ராஜாவின் கப்பலில் ஓர் ஆள் கூடுதல்

படத்தில் ஓர் ஆள் கூடுதலாக இருந்தான்.

அம்மையப்பன் கையிலிருந்த போட்டோவை மறுபடி பார்த்தான். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் ஓவியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, அங்கே எடுத்த போட்டோவோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டுக் கீறல், உதிர்வு குறிப்பதுதான் ஷார்ஜா குடோனில் அவன் வேலை. எட்டு வருஷத்தில் ஒரு பிசகு கிடையாது. போட்டோவில் நாலாவது துடுப்பின் ஓரம் காலி. ஓவியத்தில் அங்கே ஒருவன், மொட்டைத் தலையும் வெற்று முதுகுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு ராஜாவின் போர்க்கப்பல் அது. பின்புறம் முழுக்கத் தங்கப் பூச்சு, உள்ளே சங்கிலியில் இருநூறு பேர். ராஜாவுக்குத் துடுப்புப் போட ஆள் குறைந்தால் இன்னும் ஆட்களைத் தண்டித்து அனுப்பச் சொல்லி நீதிபதிகளுக்குக் கடிதம் போகுமாம், தண்டனைக் காலம் முடிந்தவனையும் விடமாட்டார்களாம். பெட்டியோடு வந்த வெள்ளைக்காரி சொல்லிவிட்டுப் போனாள். நல்ல ராஜா! இங்கேயும் அந்த வம்சம் அழியவில்லை என்று அம்மையப்பன் அன்றைக்கே நினைத்துக்கொண்டான்.

ஏசியின் சீரான இரைச்சலுக்கு அடியில், ஈரமரம் முனகுவதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. தாரும் வியர்வையும் துரு ஏறிய இரும்பும் கலந்த வாடை ஓவியத்திலிருந்து கிளம்பி அவன் தொண்டையில் இறங்கியது. டார்ச்சை நெருக்கிப் பிடித்தான். மொட்டைத் தலையின் இடது காதுக்குப் பின்னால், டைல்ஸ் வெட்டிய தழும்பு.

அன்பரசன்.

அவனுடைய ரூம்மேட். காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது, பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்கப் போனவன், திரும்பவில்லை. பெட்டி வந்த அதே நாள். பத்து நாளாகிறது; பெட்டியை இன்றைக்குத்தான் பிரித்தார்கள்.

கதவு திறந்தது. சூப்பர்வைசர் ஜெயசீலன், கையில் ஒரு தாளோடு.

“அன்பரசன் தானா ஓடிப்போயிட்டான்னு சாட்சிக் கையெழுத்துப் போடுலே. நாளைக்கே லீவு, பாஸ்போர்ட் கையில.”

திங்கட்கிழமை ஊரில் விஜிக்கு ஆபரேஷன். கட்டிய புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டாமா? ஆனால் இந்தக் கையெழுத்து விழுந்தால் அன்பரசனை அப்புறம் யாரும் தேடமாட்டார்கள். அவன் பெண்டாட்டி வீரம்மாள் தினம் போன் போட்டு அழுகிறாள்.

“மாட்டேன் சார்.”

“பொண்டாட்டிய நெனச்சுப் பாருலே.”

“நெனச்சுத்தான் சொல்றேன். பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு அவ முகத்துல எப்பிடி முழிப்பேன்? மாட்டேன்.”

“அப்ப உள்ளயே கெட. புத்தி வந்தா கதவத் தட்டு.”

பூட்டு விழுந்தது. கூடவே விளக்கும் அணைந்தது. டார்ச் வெளிச்சத்தில் அவன் ஓவியத்தைப் பார்த்தான். அன்பரசனுக்குப் பக்கத்தில் இப்போது இன்னோர் இடம் காலியாக இருந்தது.

தரை மெல்லச் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

மத்தளச் சத்தம். ஒன்று. இன்னொன்று.

கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து தடவினான். இரும்பு.

டார்ச் இல்லை. குடோன் இல்லை. உப்புக்காற்று. முழங்காலுக்குக் கீழே பலகை. தோளில் சவுக்கு சுளீரென்று விழுந்தது.

பயம்தான். உயிர் போகிற பயம். ஆனாலும் கத்தினான்.

“உக்கார மாட்டேன்டா!”

இரண்டாவது அடி. மூன்றாவது. அவன் நின்றான். பக்கத்தில் சங்கிலி குலுங்கியது, அன்பரசன் எழுந்தான். முன் பலகையில் ஒருவன். பின்னால் இருவர். துடுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுச் சரிந்தன. மத்தளம் தடுமாறி நின்றது.

வானத்தில், குடோன் கதவு திறந்ததுபோல, ஒரு சதுரம் வெளுத்தது. அதில் மலைபோல ஜெயசீலனின் முகம்.

“எங்கலே போய்த் தொலைஞ்ச?”

முகம் குனிந்தது. கண் சுருங்கியது. கையுறை போடாத ஒரு விரல், பனைமரத் தடிமனில், காயாத வண்ணத்தைத் தடவிப்பார்க்க மெல்ல இறங்கி வந்தது.

இருநூறு பேரும் அதை எட்டிப் பிடித்தார்கள்.