பரமக்குடிக்கு மேல் நின்ற மேகம்

பணிக்கு வந்ததும் மேகத்தைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. கடலிலிருந்து வந்ததை மேய்ப்பு ட்ரோன்கள் வளைத்துப் பரமக்குடிக்கு மேலே நிறுத்தியிருந்தன. நல்ல கருமேகம். இரண்டு நாளாகப் பெய்யாமல் அங்கேயே நின்றது.

மேகத்தை மேய்ப்பது மாநிலத்தின் வேலை. மழையாக அவிழ்க்கும் திறவுக்குறி டெல்லியிடம் இருக்கிறது. சட்டம் வந்தபோது வெறும் நிர்வாக வசதி என்றார்கள். இப்போது ஆறுகளையும் ஒன்றிய அரசுக்கு எழுதிக் கொடுத்தால்தான் குறி தருவார்களாம். மலைக்கு அப்பாலிருக்கும் மாநிலம் தாக்குப்பிடிக்க முடியாமல் எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படியும் அவர்களுக்கு மேகம் வரவில்லை. நாங்கள் மறுத்துவிட்டோம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் மேகத்துக்குக் கீழே கருகுவது என் அண்ணன் முத்திருளப்பனின் நெல்.

ஒன்றியப் பார்வையாளர் ரஸ்தோகி பக்கத்தில் வந்து நின்றார். பத்து வருடத் தமிழ் அவருக்கு.

"மேடம், சாயங்காலம் மேகம் கலைஞ்சிடும். உங்க அரசைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, உடனே குறி வரும்."

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகத்தை எதுவும் செய்யும் முன் அதன் கீழே இருப்பவர்களைக் கேட்போம். திரையில் ஊர் மந்தைத் திடலில் சனம் கூடியிருந்தது தெரிந்தது. எல்லாருக்குமாக அண்ணன் பேசினார்.

"கையெழுத்துப் போட்டா இன்னைக்கே மழைண்ணே. என்ன சொல்றீங்க?"

"இந்தப் பயிர் போனா அடுத்த வருசம் வெதச்சுக்கலாம் தாயி. ஆறு போனா எதை வெதைக்க? போடக் கூடாது."

"மேகம் வீணாப் போயிருமே."

அவர் பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். யாரோ மேற்கே கை காட்டினார்கள்.

"மலைக்கு அங்கிட்டும் காஞ்சுதான கெடக்கு? தள்ளி விடு. அவுகளாச்சும் குடிக்கட்டும்."

ட்ரோன்களை மேற்கே திருப்பினேன்.

ரஸ்தோகி பதறிவிட்டார். "யார் அனுமதி கொடுத்தாங்க?"

"பெய்ய வைக்கத்தான் சார் உங்க அனுமதி வேணும். கொடுக்கிறதுக்கு வேண்டாம்."

அவர் சட்டத்தைத் திரையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கையெழுத்துப் போட்ட மாநிலத்துக்குக் குறியை எப்படி மறுப்பார்கள்? மேகம் மலையைத் தாண்டியதும் கொடுத்தார்கள். அங்கே அடைமழை.

மறுநாள் காலை அண்ணனைக் கூப்பிட்டேன். கருகிய நெல்லை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். என்னால் பேச முடியவில்லை, அழுதுவிட்டேன்.

"அட, எதுக்கு அழுகுற? அங்கிட்டுப் பேஞ்சுச்சா?"

"பேஞ்சுச்சுண்ணே. கொட்டித் தீர்த்துருச்சு."

"பின்னே?" என்றார், வயலில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "நம்ம மேகம்ல!"