ஊருக்குப் போய்விட்ட டீச்சர்

"என்ன மிஸ், ஊருக்குப் போகலையா?"

கேட்டவர் பேக்கரிக்காரர். கேட்டபடியே தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒரு துண்டைத் தட்டில் வைத்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீயும் போட்டு, லோகேஸ்வரி வாயைத் திறக்குமுன் அவள் பக்கம் நகர்த்திவிட்டார். சரியாக அதைத்தான் அவள் கேட்க நினைத்திருந்தாள். ஆனால் லிங்கராஜபுரத்தில் இப்படியொரு பேக்கரி இருப்பதே ஐந்து நிமிடத்துக்கு முன், பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் அவளுக்குத் தெரியும்.

"என்னைத் தெரியுமா அண்ணே?"

"நல்லா கேட்டீங்க போங்க! சனிக்கிழமை ஆனா இதே ஸ்டூல்ல உக்காந்து, உங்க ஊர்ப் பலகாரத்தைப் பத்திச் சொல்லி என் உசிர எடுக்கறது யாரு? நேத்து சாயங்காலம்கூடப் பெரிய பெட்டியோட வந்தீங்களே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ராத்திரி ஃப்ளைட்டுன்னு சொல்லி அரைக் கிலோ பார்சல் வேற. ஃப்ளைட்ட விட்டுட்டீங்களா?"

நேற்று, வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. லேசான காய்ச்சல். வீட்டுக்கார நோரா ஆன்ட்டி கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் பொழுது சாயும்வரை அடித்துப்போட்டாற்போல் தூங்கியிருந்தாள்.

ஆள் மாறிப் பேசுகிறார் என்று சிரித்து மழுப்பப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. போனை எடுத்துப் படங்களைத் தள்ளினாள். இதே கடை. இதே ஸ்டூல். தில்பசந்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அவள். ஒன்றல்ல, ஆறு படங்கள், ஆறு சனிக்கிழமைகள்.

ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை.

லோகேஸ்வரிக்குச் சொந்த ஊர் மலேசியாவில் ஈப்போ. காக்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் சயன்ஸ் டீச்சராக வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சனிக்கிழமை வந்துவிட்டால் கண்ணில் படும் முதல் பஸ்ஸில் ஏறி, மனசுக்குத் தோன்றிய இடத்தில் இறங்கி, வழி தவறி, யாரிடமாவது விசாரித்து, அவள் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிக்க, கூடவே தானும் சிரித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவாள். தெரியாத கல்யாணத்தில் நுழைந்து இரண்டாம் பந்தியில் சாப்பிட்டிருக்கிறாள். ஆட்டோக்காரரோடு சேர்ந்து ஆட்டோவைத் தள்ளியிருக்கிறாள்.

வீடு திரும்பியதும் காபியோடு நோரா ஆன்ட்டி காத்திருப்பாள். ஆறு அறைகளும் ஓட்டுக்கூரையுமாக இருந்த அந்தப் பழைய வீட்டில் ஆன்ட்டி தனிக்கட்டை. பின்பக்க நடையின் கடைசியில் மூடியே கிடக்கும் ஓர் அறை. அதில் ஆன்ட்டியின் தங்கை நிக்கோல் படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று முதல் வாரமே சொல்லியிருந்தாள்.

"பாவம்மா, எழுந்து நடக்க முடியாது. வெளியுலகமே கிடையாது அவளுக்கு. நீ போற இடமெல்லாம் வாசல்ல உக்காந்து சொல்லேன். கேட்டுட்டுக் கிடப்பா."

இதிலென்ன கஷ்டம்? அறை வாசலில் போட்ட மர நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்தபடி அவள் ஒன்றுவிடாமல் சொல்வாள். எந்த பஸ், கண்டக்டர் என்ன கேட்டார், டீயில் இஞ்சி தூக்கலா, மழை எந்தத் தெருவில் பிடித்தது. மெழுகும் ரசகற்பூரமும் பழைய துணியும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாகக் கசியும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளேயிருந்து பதில் வரும்.

"ம்."

ஆரம்பத்தில் அது இருமலில் தோய்ந்த குரல். போகப்போகத் தெளிந்தது. போன மாதம் ஒருநாள், அந்த 'ம்' தன் குரலைப் போலவே இருக்கிறதே என்று லோகேஸ்வரிக்குத் தோன்றியதுண்டு. அன்று அதையும் சொல்லிச் சிரித்தாள். உள்ளேயும் சிரித்தது.

வரும் புதன்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அப்பா போனபிறகு அம்மாவுக்கு இவளை விட்டால் யாருமில்லை. நாளை மறுநாள், திங்கட்கிழமை ராத்திரிக்கு டிக்கெட் போட்டிருந்தாள். அது தெரிந்ததும் போன ஞாயிறு ஆன்ட்டிதான் கேட்டாள்: "இந்த ஊர்க் கதை போதும்டா. உங்க வீட்டப் பத்தி ஒரு தடவை சொல்லேன். அவ ரொம்ப ஆசப்படறா."

சொன்னாள். இரண்டு மணி நேரம் சொன்னாள்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு லோகேஸ்வரி எழுந்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனால் வானம் கறுத்து, கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். பள்ளியில் அவளுக்கு நெருக்கமான தோழி கணக்கு டீச்சர் பிரபா. நடந்துகொண்டே அவளைக் கூப்பிட்டாள்.

"ஏய், போய்ச் சேர்ந்துட்டியா?" என்றாள் பிரபா எடுத்த எடுப்பில்.

"எங்கடி?"

"விளையாடாத லோகா. நேத்து மத்தியானம் ஆபீஸ்ல லெட்டர் குடுத்துட்டு, ஸ்டாஃப் ரூம்ல என்னக் கட்டிப் புடிச்சு அழுதியே. வேலையே வேணாம், அம்மாகூட இருக்கப் போறேன்னு. நான்கூட... ஹலோ? லோகா? சத்தமே வரல. ஹலோ?"

"பிரபா, அது நான் இல்ல! கேக்குதா?"

"சிக்னல் இல்ல போல," என்று யாரிடமோ சொல்லிவிட்டு பிரபா வைத்துவிட்டாள்.

மூன்று ஆட்டோக்கள் அவள் நீட்டிய கையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின. பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் முன் சீட்டுக்கு டிக்கெட் கிழித்தார், பின் சீட்டுக்குக் கிழித்தார், நடுவில் அவள் நீட்டிய நோட்டைத் தாண்டிப் போனார். அடுத்த ஸ்டாப்பில் ஏறிய பருமனான பெண்மணி நேராக வந்து அவள் மடியில் உட்காரப் போனாள். லோகேஸ்வரி பதறி ஜன்னலோரம் ஒதுங்கினாள். அந்த அம்மாள் எந்தச் சலனமும் இல்லாமல் கூடையை எடுத்து அவள் காலின் மேல் வைத்தாள்.

கனமாக இருந்தது. வலித்தது. கத்தினாள்.

யாரும் திரும்பவில்லை.

பயத்தை அடக்கக் கண்ணை மூடி வீட்டை நினைத்துப் பார்த்தாள். ஈப்போ ரயில் நிலையம். வெள்ளைக் கட்டடம். அதற்குப் பிறகு? இடதா, வலதா? வாசலில் என்ன மரம்? கேட் என்ன நிறம்? ரப்பரால் அழுத்தித் தேய்த்த தாள்போல வெறுமை. அம்மா அவளைச் செல்லமாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பிறந்ததிலிருந்து கேட்ட பெயர். அது...

அது என்ன?

சொன்னதெல்லாம் போய்விட்டது. அந்தக் கதவிடம் சொன்னதெல்லாம்.

வீடு பூட்டாமல் இருந்தது. கரண்ட் இல்லை. நடையில் மெழுகு வாடை. "ஆன்ட்டி!" என்றாள். ஆன்ட்டியைக் காணவில்லை. சாப்பாட்டு மேஜையில், ஜெபமாலைக்குப் பக்கத்தில், ஆன்ட்டியின் பச்சை ஃபைல் விரிந்து கிடந்தது. வெளிநாட்டுக்காரர்களை வீட்டில் தங்கவைத்தால் வீட்டுக்காரர் அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய சி ஃபார்ம். வந்த தேதி ஒன்று, போன தேதி ஒன்று. 'ஃபார்முக்கு வேணும்மா' என்று சொல்லித்தான் போன திங்களன்று அவள் பாஸ்போர்ட்டை ஆன்ட்டி வாங்கியிருந்தாள்.

மேலாக இருந்த தாளில் லோகேஸ்வரியின் படம். புறப்பட்ட தேதி: நேற்று. செல்லும் இடம்: ஈப்போ. கீழே ஆன்ட்டியின் சுழித்த கையெழுத்து.

பாஸ்போர்ட் ஃபைலில் இல்லை. மேஜை டிராயரில் இல்லை. எங்குமே இல்லை.

அடுத்த தாளைப் புரட்டினாள். சுருட்டை முடியோடு ஓர் இளம்பெண். மொரீஷியஸ். பிரெஞ்சு டீச்சர். லோகேஸ்வரி வருவதற்கு நான்கு நாள் முன்பு ஊருக்குப் புறப்பட்டதாகத் தேதி.

பெயர்: நிக்கோல்.

அதற்கும் கீழே இன்னும் தாள்கள். இன்னும் படங்கள். எல்லாருமே டீச்சர்கள். எல்லாரும் ஊருக்குப் போய்விட்டவர்கள்.

காலையில் கிளம்பும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஜெபம் சொல்லி அனுப்பியவள். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். "நீ என் வயித்துல பொறக்காத மகம்மா" என்றவள்.

அம்மா. அம்மாவிடம் சொல்லவேண்டும். தாழ்ப்பாள் போடச் சொல்லவேண்டும்.

அந்த வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைப்பது பின்பக்க நடையில் மட்டும்தான். போனை எதிர்ச் சுவரின் மாடத்தில் சாய்த்து வைத்து, வீடியோ காலைப் போட்டாள்.  மூடிய அறைக் கதவுக்கு முதுகைக் காட்டி மர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. அடித்தது. அம்மாவின் முகம் திரையை நிரப்பியது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அம்மா உற்றுப் பார்த்தாள்.

"அம்மா! நான்தான்மா! வீட்ல யாரு இருக்கா? வெளிய வந்துருங்க, பக்கத்து வீட்டுக்குப் போங்கம்மா!"

"யாருன்னு தெரியலியே," என்றாள் அம்மா, தலையைத் திருப்பி. "சிட்டு, இங்க வந்து பாரேன். உன் நம்பர்லேருந்துதான் வருது. சத்தமே காணோம். வெறும் நாக்காலிதான் தெரியுது."

சிட்டு. யார் சிட்டு?

அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒரு முகம் குனிந்தது. லோகேஸ்வரியின் முகம். அவள் மூக்குத்தி. அவள் பல்வரிசை. தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தது.

"அந்த போன் தொலைஞ்சு போச்சும்மா. யாரோ எடுத்து விளையாடுறாங்க லா," என்றது அவள் குரலில், அவள் ஊர்ப் பேச்சின் அந்த 'லா'வோடு.

அம்மா சிரித்தாள். நிம்மதியான சிரிப்பு. அது அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, திரைக்குள்ளிருந்து நேராக லோகேஸ்வரியைப் பார்த்தது. அதற்கு மட்டும் அவள் தெரிந்தாள். நன்றி சொல்வதுபோல் மெல்லத் தலையசைத்தது.

முதுகுக்குப் பின்னால் சாவி திரும்பியது.

"அழாதம்மா," என்றது நோரா ஆன்ட்டியின் குரல். பக்கத்தில். மிகப் பக்கத்தில். "அவளும் எத்தன நாள்தான் படுத்தே கிடப்பா? வீட்டுக்குப் போக அவளுக்கும் ஆச இருக்காதா? நீ சொல்ப, கொஞ்சூண்டு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அடுத்த மாசம் ஜெர்மன் டீச்சர் ஒருத்தி வர்றா. நல்லா வாயாடுவாளாம்."

லோகேஸ்வரி எழப் பார்த்தாள். கால்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை.

திரையின் மூலையில் அவளைக் காட்டும் சின்னக் கட்டம். அதில் நடை தெரிந்தது. சுவர் தெரிந்தது. அகலத் திறந்த கதவு தெரிந்தது. உள்ளே இருட்டு.

யாருமே உட்காராத மர நாற்காலி ஒன்று, தரையில் கோடு கிழித்தபடி, அந்த இருட்டுக்குள் அங்குலம் அங்குலமாக இழுபட்டுக்கொண்டிருந்தது.